பிறந்த மாதம் வேண்டாம், வருஷம் போதும்: என் 401கே நிறுவனத்தில் பணம் எடுத்த அனுபவம்

"உங்களுக்கு இன்னும் 59½ வயசு ஆகலை மேடம். இப்ப எடுத்தா பத்து சதவீதம் அபராதம் கட்டணும்."

போன வருஷம் ஏப்ரலில், என் 401கே கணக்கை (அமெரிக்காவில் கம்பெனி மூலம் சம்பளத்திலிருந்து சேர்க்கும் ஓய்வுக்காலச் சேமிப்பு) நிர்வகிக்கும் நிறுவனத்துக்கு முதல் முறை போன் செய்தபோது கிடைத்த பதில் இது. மூன்று முறை மாற்றி மாற்றிக் கேட்டேன். மூன்று முறையும் இதே பதில்தான். பதில் தவறு என்பது எனக்குத் தெரிய ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரத்தில் நான் தூங்கிய தூக்கம் எனக்குத்தான் தெரியும். என் நிலையில் இருக்கும் யாராவது தேடும்போது கண்ணில் படட்டும் என்றுதான் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. மற்ற பெரிய நிறுவனங்களில் கணக்கு வைத்திருக்கும் தோழிகளிடம் விசாரித்ததில், போனை எடுப்பவர்கள் அங்கேயும் ஏறக்குறைய இப்படித்தான் சொல்கிறார்கள்.

முதலில் என் நிலைமை. நியூ ஜெர்சி, எடிசனில் இருக்கிறோம். 1998இல் எச்1பி வேலை விசாவில் வந்தேன். கடைசியாக 13 வருஷம் ஒரே கம்பெனியில் வேலை. 2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிட்டு, எங்கள் குழுவில் ஒன்பது பேரை நிறுத்தினார்கள். 12 வாரச் சம்பளம் கொடுத்தார்கள். கணவர் கான்ட்ராக்ட் வேலையில் இருக்கிறார், அங்கே மருத்துவக் காப்பீடு கிடையாது. அதனால் என் பழைய கம்பெனியின் காப்பீட்டையே கோப்ராவில் தொடர்ந்தோம். கோப்ரா என்றால் கம்பெனி கட்டிவந்த பங்கையும் நாமே கட்ட வேண்டும், மேலே இரண்டு சதவீத நிர்வாகச் செலவு வேறு. எங்களுக்கு மாதம் 2,140 டாலர் வந்தது. மகன் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷம். வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. 27 வருஷம் சேர்த்த பணம் 401கேயில் இருக்கிறது, தொட முடியாது என்கிறார்கள்.

தொட்டால் என்ன ஆகும் என்பது அமெரிக்காவில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். 59½ வயதுக்கு முன் எடுத்தால், வழக்கமான வருமான வரிக்கு மேல் பத்து சதவீதம் கூடுதல் வரி. சட்டத்தில் அது 72(டி) பிரிவு. கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு மாநிலமும் 2½ சதவீதம் சேர்த்து வாங்கும். நியூ ஜெர்சியில் அந்தத் தனி அபராதம் இல்லை, சாதாரண மாநில வரி மட்டும்.

அதே சட்டப்பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. 55 வயதில் வேலையை விட்டால், அந்தக் கம்பெனியின் 401கேயிலிருந்து அபராதம் இல்லாமல் எடுக்கலாம். இதுவும் எனக்கு அரைகுறையாகத் தெரியும். ஆனால் என் பிறந்தநாள் நவம்பரில். வேலை போனபோது எனக்கு 54 வயசு, நாலு மாசம். போனில் இருந்த பெண்ணும் அதைத்தான் சொன்னார்: "உங்களுக்கு 54தானே மேடம், அது உங்களுக்குப் பொருந்தாது." சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே, "நீங்க ஏன் மொத்தத்தையும் எங்க ஐஆர்ஏவுக்கு மாத்திடக் கூடாது? அதுல காலேஜ் ஃபீஸ், காப்பீடு எல்லாத்துக்கும் விலக்கு இருக்கு. அஞ்சு நிமிஷத்துல முடிச்சுடலாம்" என்றார். ஐஆர்ஏ என்பது கம்பெனி சாராமல் நாமே தனியாக வைத்துக்கொள்ளும் ஓய்வுக்காலக் கணக்கு.

அவர் அன்பாகத்தான் பேசினார். ஐஆர்ஏ பற்றிச் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் அன்று நான் சரி என்று சொல்லியிருந்தால், எனக்கு இருந்த ஒரே பெரிய வழி அந்த ஐந்து நிமிஷத்தில் அடைபட்டிருக்கும். 55 விலக்கு 401கே போன்ற கம்பெனித் திட்டங்களுக்கு மட்டும்தான். பணம் ஐஆர்ஏவுக்குள் போய்விட்டால் அந்த விலக்கு போயே போய்விடும், மீண்டும் 59½ வரை காத்திருக்க வேண்டும். இதை அவர் சொல்லவில்லை. அவருக்கே தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"மாத்திடலாமா?" என்று கணவரிடம் கேட்டேன். "ஒரு வாரம் பொறு, யார்கிட்டயாவது காசு கொடுத்தே கேட்டுடலாம்" என்றார். அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்த விமர்சனத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் நிதி ஆலோசகர் ஒருவரைப் பிடித்தோம். எந்த ஃபண்டும் விற்காதவர், கமிஷன் வாங்காதவர். ஒரு மணி நேரத்துக்கு 250 டாலர். வருமானம் இல்லாத நேரத்தில் அதைக் கொடுக்க வயிறு எரிந்தது. உட்கார்ந்ததும் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: "பிறந்த வருஷம் என்ன? மாசம் வேண்டாம், வருஷம் மட்டும்."

"1970."

"வேலையை விட்டு நின்ன வருஷம்?"

"2025."

"கழிச்சுப் பாருங்க."

ஐம்பத்தைந்து.

அவ்வளவுதான் விஷயம். 55 விலக்குக்கு வேலை போன அன்று 55 முடிந்திருக்க வேண்டியதில்லை. எந்த ஆண்டில் 55 நிறைகிறதோ, அந்த ஆண்டிலோ அதற்குப் பிறகோ வேலையை விட்டிருந்தால் போதும். ஜனவரியில் வேலை போய், டிசம்பர் 31 பிறந்தநாள் என்றாலும் பொருந்தும். ஐஆர்எஸ்ஸின், அதாவது அமெரிக்க வரித்துறையின், 575ஆம் வெளியீட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டினார். பணத்தை எடுக்கவும் பிறந்தநாள் வரை காத்திருக்க வேண்டாம், வேலையை விட்ட பிறகு எடுத்தால் சரி. 59½ நேர்மாறானது. அது ஆண்டுக் கணக்கு இல்லை, நாள் கணக்கு. 59ஆம் பிறந்தநாளிலிருந்து சரியாக ஆறு மாதம். ஒரு நாள் முன்னால் எடுத்தாலும் அபராதம் உண்டு. ஒரே சட்டப்பிரிவுக்குள் ஒரு வயதை வருஷத்தால் அளக்கிறார்கள், இன்னொன்றை நாளால். போனில் பதில் சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள்.

அடுத்து என் பழைய கணக்கைப் பற்றிக் கேட்டார். 2012க்கு முன் இருந்த கம்பெனியின் 401கேயை எடுக்காமல் அங்கேயே விட்டுவைத்திருந்தேன். அங்கிருந்து நான் நின்றபோது எனக்கு 41 வயசு. அந்தக் கணக்குக்கு 55 விலக்கு கிடையாது, இப்போது எனக்கு 55 ஆனாலும் கிடையாது. எந்த வேலையை விட்டபோது வயது சரியாக இருந்ததோ, அந்த வேலையின் கணக்குக்குத்தான் விலக்கு. வேலையில் இருக்கும்போதே பழைய கணக்கைப் புதிய கம்பெனியின் 401கேக்குள் கொண்டுவந்திருந்தால் இரண்டுக்கும் சேர்த்துக் கிடைத்திருக்கும். 13 வருஷம் அதற்கான படிவத்தை "அப்புறம் பார்க்கலாம்" என்று வைத்திருந்தேன். இன்றைக்கும் வேலையில் இருப்பவர்கள், ஐம்பது வயதை நெருங்குபவர்கள், தயவுசெய்து இதை இந்த மாதமே செய்துவிடுங்கள். புதிய திட்டம் பழைய பணத்தை ஏற்றுக்கொள்ளுமா என்று கம்பெனியில் கேட்டால் சொல்வார்கள்.

அந்தப் பழைய கணக்குக்கு அவர் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. அதில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதால், அதை மட்டும் ஐஆர்ஏவுக்கு மாற்றச் சொன்னார். ஐஆர்ஏவில் மட்டுமே இருக்கும் விலக்குகள் உண்டு: உயர்கல்விக் கட்டணம், வேலை இழந்து தொடர்ந்து 12 வாரம் வேலையின்மை உதவித்தொகை பெற்றவர்களின் மருத்துவக் காப்பீடு, முதல் வீடு வாங்க வாழ்நாளில் 10,000 டாலர் வரை. கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்தால், கட்டணம் கட்டிய அதே ஆண்டில் எடுக்க வேண்டும். ஆக, கடைசிக் கம்பெனியின் பணம் 401கேயிலேயே இருந்தது, வீட்டுச் செலவுக்கு. பழைய கம்பெனியின் பணம் ஐஆர்ஏவுக்குப் போனது, மகன் படிப்புக்கும் கோப்ராவுக்கும். நிறுவனத்திலிருந்து நிறுவனத்துக்கு நேராக மாற்றினோம், என் கைக்குக் காசோலை வரவில்லை. கைக்கு வந்தால் 20 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அறுபது நாளுக்குள் மொத்தத்தையும், பிடித்ததை நம் கைக்காசிலிருந்து சேர்த்து, திருப்பிப் போட வேண்டும். அந்தச் சிக்கலே வேண்டாம்.

250 டாலருக்கு இதை விட நல்ல சேவை நான் வாங்கியதில்லை.

மே மாத நடுவில் மறுபடி 401கே நிறுவனத்துக்குப் போன் செய்தேன். இந்த முறை கையில் அந்தப் பக்கத்தின் நகல். பேசியவர் 40 நிமிஷம் காக்க வைத்துவிட்டுத் திரும்பி வந்து, "சிஸ்டம்ல 54ன்னுதான் காட்டுது" என்றார். மேலே யாரிடமாவது கொடுங்கள் என்றேன். மறுநாள் கூப்பிடுவார்கள் என்றார். கூப்பிடவில்லை. நானே மூன்றாம் நாள் கூப்பிட்டு, திட்ட விதிகளைப் பார்க்கும் பிரிவு வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டேன். அங்கே எடுத்தவர் என் பிறந்த வருஷத்தைப் பார்த்ததும், "ஆமா, நீங்க தகுதிதான். தப்பாச் சொன்னதுக்கு மன்னிச்சுக்கோங்க" என்றார். நாலு நிமிஷம்தான் ஆனது. போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன்.

அவர் இன்னொன்றும் செய்தார். எங்கள் கம்பெனியின் திட்டச் சுருக்க ஆவணத்தைத் திறந்து, வேலையை விட்டவர்கள் எப்படி எடுக்கலாம் என்ற பகுதியை வாசித்துக் காட்டினார். இது முக்கியம். சட்டம் அனுமதித்தாலும் உங்கள் கம்பெனியின் திட்டம் அனுமதிக்க வேண்டும். சில திட்டங்கள் வேலையை விட்டவர்களுக்கு மொத்தத்தையும் ஒரே தடவையில் கொடுத்து அனுப்பிவிடும், கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வழியே இருக்காது. 27 வருஷச் சேமிப்பை ஒரே வருஷத்தில் வருமானமாகக் காட்டினால் வரி எங்கே போய் நிற்கும்? எங்கள் திட்டத்தில் வருஷத்துக்கு நான்கு முறை பகுதி பகுதியாக எடுக்கலாம், ஒவ்வொரு முறையும் 50 டாலர் கட்டணம். நல்ல திட்டம் என்றுதான் சொல்வேன்.

ஜூலையில் 30,000 டாலர் எடுத்தேன். இணையதளத்தில் பணம் எடுக்கும் பக்கத்தில் ஒரு சிவப்புப் பெட்டி வருகிறது: பத்து சதவீத அபராதம் பொருந்தக்கூடும், புரிந்துகொண்டேன் என்று அழுத்தினால்தான் அடுத்த பக்கம் போகும். 55 பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு சொல் இல்லை. தகுதி உள்ளவர்கள் எத்தனை பேர் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு மூடிவிட்டு, கிரெடிட் கார்டில் கடன் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களோ. நான் அழுத்தினேன். 20 சதவீதம், அதாவது 6,000 டாலர், மத்திய வரிக்கென்று பிடித்துக்கொண்டு 24,000 வங்கிக்கு வந்தது. ஆறு வேலை நாள் ஆனது. பிடித்ததைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது அபராதம் இல்லை, வரிக்கான முன்பணம். நியூ ஜெர்சிக்கு எதுவும் பிடிக்கவில்லை என்பதால் அதற்குத் தனியாக எடுத்து வைத்தேன். 62 வயதுக்கு மேல்தான் நியூ ஜெர்சி ஓய்வூதிய வருமானத்துக்குச் சலுகை தருகிறது, அதுவும் மொத்த வருமானம் வரம்புக்குள் இருந்தால்.

பணம் வந்த வேகம், கணக்குத் தாளின் தெளிவு, இரண்டுக்கும் முழு மதிப்பெண் தருகிறேன். டிசம்பரில் எடுத்த 15,000 இன்னும் வேகமாக, நாலே நாளில் வந்தது.

ஜனவரி கடைசியில் 1099-ஆர் படிவங்கள் வந்தன. எடுத்த பணத்தை ஐஆர்எஸ்ஸுக்கும் நமக்கும் நிறுவனம் தெரிவிக்கும் படிவம் அது. ஒன்று இல்லை, இரண்டு. ஜூலைப் பணத்துக்கு ஒன்று, டிசம்பர்ப் பணத்துக்கு ஒன்று. ஏன் தனித்தனி என்று பார்த்தால், ஏழாம் கட்டத்தில் உள்ள குறியீடு வேறு வேறு. டிசம்பர்ப் படிவத்தில் 2, அதாவது முன்கூட்டி எடுத்தது, விலக்கு பொருந்தும். ஜூலைப் படிவத்தில் 1, அதாவது முன்கூட்டி எடுத்தது, விலக்கு இருப்பதாகத் தெரியவில்லை. நவம்பரில் எனக்கு 55 ஆனதும் கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிட்டது. ஜூலையில் அதற்குத் தெரியாது. போன் செய்தேன். எடுத்த நாளின் வயதை வைத்துத்தான் குறியீடு போடுகிறோம், திருத்திய படிவம் தர மாட்டோம் என்றார்கள். நான் வேலையை விட்ட தேதியும் பிறந்த தேதியும் அவர்கள் கையிலேயே இருக்கும்போது "தெரியவில்லை" என்று ஐஆர்எஸ்ஸுக்கு எழுதுவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. அந்த ஒற்றை எண்ணுக்கு விலை 3,000 டாலர். எங்களுக்கு வரிக் கணக்குத் தாக்கல் செய்து தருபவர் அதைப் பார்த்ததும் அபராதத்தைச் சேர்த்துவிட்டார். நான்தான் பிடித்தேன். வழி எளிது: 5329ஆம் படிவத்தின் முதல் பகுதியில், விலக்கு எண் 01 என்று எழுதி அந்தத் தொகையைக் காட்ட வேண்டும். 55 விலக்கின் எண் அது. அபராதம் பூஜ்யமாகிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 74 வயசு, அவருக்கும் இதே நிறுவனத்தில் கணக்கு. அவருக்கு ஒவ்வொரு வருஷமும் கடிதம் வருகிறது: இந்த வருஷம் இவ்வளவு கட்டாயம் எடுக்க வேண்டும், முந்தைய டிசம்பர் 31 இருப்பை வைத்துக் கணக்கிட்டுள்ளோம், டிசம்பருக்குள் எடுக்காவிட்டால் அபராதம் என்று. 73 வயதுக்கு மேல் எடுக்காமல் இருந்தால் அபராதம். 1960இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு அந்த வயது 75. அவருக்கு இவ்வளவு கருத்தாகக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் நிறுவனத்துக்கு, ஆண்டிலிருந்து ஆண்டைக் கழிக்க முடியாதா? வேலை போனதும் ஒரு கடிதம் அனுப்பினார்களே, அதில் ஐஆர்ஏவுக்கு மாற்றும் படிவம் இருந்தது. 55 பற்றி ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்.

என்னோடு அன்று வெளியே வந்தவள், பத்து வருஷம் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவள், 1971 ஜனவரியில் பிறந்தவள். ஆலோசகர் சொன்னதை நான் உற்சாகமாக அவளிடம் சொன்னபோது, அவள் மனசுக்குள் கழித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டே மாசம்டி" என்றாள். அவள் வேலையை விட்ட ஆண்டு 2025, அந்த ஆண்டில் அவளுக்கு 54தான். இந்த ஜனவரியில் 55 ஆகிவிட்டது, ஆனாலும் பயனில்லை. வேலையை விட்ட ஆண்டுதான் கணக்கு. அக்டோபர், நவம்பரில் வேலை போகும் 54 வயதுக்காரர்கள் யாராவது படித்தால், கடைசி வேலை நாளை ஜனவரிக்குத் தள்ளிப் போட முடியுமா, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று கேட்டுப் பாருங்கள்.

அவளுக்கும் அதே ஆலோசகரிடம் ஒரு மணி நேரம். அபராதம் இல்லாமல் எடுக்கச் சரிசமத் தவணை முறை என்று ஒன்று இருக்கிறது, எந்த வயதிலும் தொடங்கலாம். ஆனால் தொடங்கினால் ஐந்து வருஷமோ 59½ வயதோ, எது பிந்தி வருகிறதோ அதுவரை ஒரே கணக்கில் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் மாற்றினால், முதலிலிருந்து எடுத்த எல்லாவற்றுக்கும் பத்து சதவீதமும் வட்டியும் விழும். அவள் அது வேண்டாம் என்று, ரோத் ஐஆர்ஏவில் (வரி கட்டிய பிறகு உள்ள பணத்தைப் போடும் வகை) போட்டிருந்த அசலை எடுத்தாள். தான் போட்ட அசலுக்கு எந்த வயதிலும் வரியும் இல்லை, அபராதமும் இல்லை. லாபத்தைத்தான் தொடக் கூடாது. ஆகஸ்டில் அவளுக்கு வேறு வேலை கிடைத்தது. சேர்ந்த முதல் மாதமே பழைய 401கேயைப் புதிய கம்பெனித் திட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டாள். இனி அங்கிருந்து எப்போது நின்றாலும் அவளுக்கு மொத்தப் பணத்துக்கும் விலக்கு உண்டு.

காவல்துறை, தீயணைப்பு போன்ற பொதுப் பாதுகாப்பு வேலையில் இருப்பவர்களுக்கு 55க்குப் பதில் 50. மாவட்ட, மாநில அரசு ஊழியர்களின் 457(பி) என்ற ஓய்வுக்காலக் கணக்கில் போட்ட பணத்துக்கு, வேலையை விட்டபின் எந்த வயதிலும் இந்தப் பத்து சதவீதம் கிடையாது. ஐஆர்ஏவுக்கு மாற்றச் சொல்லும் அழைப்பு வந்தால் அவர்களும் கொஞ்சம் யோசிக்கட்டும்.

மதிப்பெண்: முதல் வரிசைத் தொலைபேசிச் சேவைக்கு ஐந்துக்கு ஒன்று. திட்ட விதிகள் பிரிவுக்கு ஐந்துக்கு ஐந்து. இணையதளத்துக்கு இரண்டு. வரிப் படிவத்துக்கு ஒன்று. பணம் வந்து சேர்ந்ததற்கு ஐந்து.

கணக்கை இன்னும் அங்கேதான் வைத்திருக்கிறேன். மாற்றினால் விலக்கு போய்விடும் என்பதால் வேறு வழியில்லை. எனக்கு 59½ ஆவது 2030 மே மாதம். அதற்கடுத்த திங்கட்கிழமை வேறு இடம் பார்ப்பேன்.